மாமாவின்ர 416 நம்பர் கிளவுட்டுக்குப் போன கதை



போன எபிசோட்டில் ஆபீஸ் போன்களைப் பற்றிக் கதைத்தபோது ஒரு கேள்வியை வாசித்தோம்: "ரீம்ஸில இருந்து ரீம்ஸுக்குக் கதைக்கிறது விளங்குது. ஆனா லப்ரொப்பில இருந்து அம்மம்மாவின்ர வீட்டு லைனுக்கு அடிச்சா அது எப்பிடிப் போகுது?" நான் ரெண்டு நிமிசத்தில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். பிறகு கேட்டுப் பார்த்தால் அரைகுறையாக இருந்தது. அதனால் இந்த மடலில் முழுசாக எழுதுகிறேன். இது நான் புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை, மாமாவின்ர ஆபீசுக்கு என்ர கையால் செய்து, பிழைவிட்டுத் திருத்தின வேலை.

மாமாவின்ர ஆபீஸ் சென் ஜேம்ஸ் ரவுணில், வெலஸ்லி ஸ்ரீற்றில், ஒரு கடைக்கு மேலே ரெண்டு அறை. வருமானவரி நிரப்புவது, ஊருக்கு ரிக்கெற் போடுவது, கடிதம் எழுதிக் கொடுப்பது. 90களில் தொடங்கினவர். எங்கட ஆக்களில் கனபேருக்கு ரொறன்ரோவில் முதல் முகவரி அந்தக் கோபுரங்களில் ஒன்றுதான். பிறகு எல்லாரும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று போக, மாமாவும் ஸ்காபரோவில் ஒரு கிளை திறந்தார். இப்ப ரெண்டு இடத்திலும் சேர்த்து ஆறு பேர். மிச்ச வேலை எல்லாம் ஏற்கெனவே மைக்ரோசொப்ற் ரீம்ஸில்தான். போன் மட்டும் பழைய செப்புக் கம்பியில் கிடந்தது.

"கிளவுட் எண்டாலும் சரி, என்ன எண்டாலும் சரி," என்றார் மாமா. "பிள்ளை, நம்பர் மட்டும் மாறக்கூடாது. ஊரில சனம் கலண்டர்ல எழுதி வச்சிருக்கு."

அவர் சொன்னது பகிடி இல்லை. 416 என்பது 1947இல் வட அமெரிக்காவுக்கு முதன்முதலாக ஏரியா கோட் பிரித்தபோது வந்த இலக்கம். 1993இல் புறநகரங்களுக்கு 905 பிரிந்தது. நகரத்துக்குள் 2001இல் 647, 2013இல் 437, 2025இல் 942 என்று மேலே மேலே போட்டுக்கொண்டே போனார்கள். 416 வைத்திருப்பவர் பழைய ஆள் என்று வாடிக்கையாளருக்குப் பார்த்த உடனே தெரியும்.

ரெண்டு வலையமைப்பு, ஒரு வாசல்

ஒரு பக்கம் பொதுத் தொலைபேசி வலையமைப்பு. பிஎஸ்ரிஎன் என்று சொல்வார்கள். உலகத்தில் உள்ள லைன் போன், கைபேசி எல்லாவற்றையும் இலக்கத்தால் இணைக்கும் வலை. அங்கே முகவரி என்பது இலக்கம்: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, மிச்சம், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். பழைய டிஜிற்றல் முறையில் ஒரு கோலுக்கு செக்கனுக்கு 64 கிலோபிற் அகலத்தில் ஒரு பாதை ஒதுக்கப்படும். குரலைச் செக்கனுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிற்றில் எழுதினால் வருவது அந்தக் கணக்கு.

மற்றப் பக்கம் இன்ரநெற். அங்கே உங்கட குரல் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டப்பட்டு, வழக்கமாக 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகப் போகும். முகவரி மின்னஞ்சல் போல இருக்கும். ஆரை ஆர் கூப்பிடுகிறார், மணி அடிக்குது, எடுத்தாச்சு, வைச்சாச்சு என்ற சைகைகளைக் கொண்டுபோவது சிப் என்ற நெறிமுறை. 1999இல் வெளிவந்து, 2002இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

இப்ப தொலைபேசி நிறுவனங்களின் உள்வயிறும் பெரும்பாலும் இன்ரநெற் தொழில்நுட்பம்தான். ஆனாலும் இலக்கம் ஆருக்குச் சொந்தம், ஆர் ஆருக்குக் காசு கட்டுவது, 911 எங்கே போவது என்ற விதிகள் எல்லாம் பிஎஸ்ரிஎன் பக்கத்தில்தான் இருக்கு. ரீம்ஸுக்குள் மட்டும் கதைத்தால் அந்த விதி ஒன்றும் தேவையில்லை. அம்மம்மாவின்ர லைனுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு வாசல் வேணும்.

இந்த வாசலை எங்கட வீடுகளில் எல்லாரும் ஏற்கெனவே பாவித்திருக்கிறோம். கோலிங் கார்ட் ஞாபகம் இருக்கா? தமிழ்க் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும், பின்பக்கம் சுரண்ட வேண்டும். ரொறன்ரோ இலக்கம் ஒன்றுக்கு அடித்து, பின் நம்பர் குத்தி, பிறகு ஊர் நம்பர். அந்தப் பக்கம் போர்க்காலத்தில் வீட்டில் போன் இல்லாத ஆக்கள் வவுனியாவிலோ கொழும்பிலோ "கொமினிகேசன்" கடையில் காத்துக்கொண்டு இருப்பார்கள். பிற்காலத்தில் கன கார்ட் நிறுவனங்கள் செய்தது இதுதான்: ரொறன்ரோவில் கோலைப் பிஎஸ்ரிஎன்னில் வாங்கி, பொதியாக்கி, கடல் தாண்டி அனுப்பி, மறுகரையில் திரும்பப் போன் கோலாக்கி விட்டார்கள். கிளவுட் போன் செய்வதும் அதே மாற்றம். வித்தியாசம் என்னவென்றால் ஒரு முனையில் மட்டும் மாறுது. மற்ற முனை கடைசி வரைக்கும் பொதியாகவே உங்கட லப்ரொப்புக்கு வருது.

மூன்று வழி

ரீம்ஸைப் பிஎஸ்ரிஎன்னோடு இணைக்க முக்கியமாக மூன்று வழி. மூன்றுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ரீம்ஸ் போன் லைசென்ஸ் வேணும்.

முதலாவது கோலிங் பிளான். மைக்ரோசொப்ற்றே உங்கட தொலைபேசி நிறுவனம். கனடாவில் கிடைக்கும். இலக்கம் வாங்கி ஆளுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. சின்ன ஆபீசுக்கு இதுதான் லேசு.

ரெண்டாவது ஒப்பறேற்றர் கனெக்ற். தொலைபேசி நிறுவனம் ஒன்று ஏற்கெனவே மைக்ரோசொப்ற்றோடு குழாய் போட்டு வைத்திருக்கும். நீங்கள் நிர்வாகப் பக்கத்தில் அந்த நிறுவனத்தைத் தெரிந்தெடுத்தால் இலக்கங்கள் அங்கே வந்து இறங்கும்.

மூன்றாவது டிறெக்ற் ரவுற்றிங். வாசல்காரரை நீங்களே வைக்கிறீர்கள், அல்லது வாடகைக்கு எடுக்கிறீர்கள். கஷ்டம் கூட, சுதந்திரமும் கூட. மாமாவிடம் ஒரு பக்ஸ் மெசின் இருந்தது, வரிக் காலத்தில் அது இல்லாமல் முடியாது. இலங்கைக் கோல் விலையும் முக்கியம். அதனால் ஒரு சின்னக் கனேடிய நிறுவனத்திடம் மூன்றாவது வழியை வாடகைக்கு எடுத்தோம்.

ஓமந்தையில் நிற்கிறவர்

அந்த வாசல்காரருக்குப் பெயர் செஷன் போர்டர் கொன்ரோலர், சுருக்கமாக எஸ்பிசி. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்குப் போன அப்பா அம்மாவிடம் ஓமந்தையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய் வேற பஸ் ஏற வேண்டும். எஸ்பிசியில் ஒவ்வொரு கோலும் அப்படித்தான் இறங்கி ஏறுது.

ரீம்ஸ் பக்கத்தில் சைகைகள் எல்லாம் ரிஎல்எஸ் குறியாக்கத்தில், 5061 போர்ட்டில் வரும். குரலும் குறியாக்கப்பட்டுத்தான் வரும். தொலைபேசி நிறுவனத்தின் பக்கம் பல இடங்களில் குறியாக்கம் இல்லாத பழைய முறை. எஸ்பிசி ஒன்றை அவிழ்த்து மற்றதைக் கட்டும். இலக்கத்தின் வடிவத்தைத் திருத்தும், குரல் வடிவம் ஒத்துப்போகாவிட்டால் மாற்றிக் கொடுக்கும், தெரியாத இடத்திலிருந்து வந்து தட்டுகிறவனைத் திருப்பி அனுப்பும்.

எஸ்பிசியை மைக்ரோசொப்ற் நம்புவதற்கு ரெண்டு சாமான் வேணும். ஒன்று, இணையத்தில் அதற்கு ஒரு பெயர். மைக்ரோசொப்ற் இலவசமாகத் தருகிற ஒன்மைக்ரோசொப்ற் டொமைன் சரிவராது. ரெண்டாவது, அந்தப் பெயருக்குப் பொதுவாக நம்பப்படும் நிறுவனம் கொடுத்த சான்றிதழ். நாங்கள் வாடகைக்கு எடுத்ததால் நிறுவனம் தன் டொமைனில் ஒரு துணைப்பெயர் தந்தது. அதை மாமாவின்ர கணக்கில் சேர்த்து உறுதிப்படுத்தினேன். ஆனாலும் வேலை செய்யவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விளங்கியது: அந்தத் துணைப்பெயரில் லைசென்ஸ் உள்ள பயனர் ஒருவரையாவது தற்காலிகமாக உருவாக்கினால்தான் அது உயிர்பெறும். செய்யப்போகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கோ.

நம்பரைக் கொண்டுவருவது

இலக்கத்தைப் பழைய நிறுவனத்திலிருந்து புதியதுக்கு மாற்றுவதைப் போர்ட் பண்ணுவது என்பார்கள். கனடாவில் உங்கட இலக்கத்தை அப்படிக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை இருக்கு. எங்கட முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம், பழைய பில்லில் மாமாவின்ர பெயர் இல்லை. 90களில் பங்காளியாக இருந்தவரின் பெயர் இன்னும் அதில் கிடந்தது. அதைத் திருத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை: போர்ட் முடியும் வரைக்கும் பழைய லைனை வெட்டச் சொல்லாதீர்கள். வெட்டினால் இலக்கம் கையைவிட்டுப் போய்விடலாம். மாமா "ரெண்டு பில் ஏன் கட்டுவான்?" என்று போனைத் தூக்கப் போனவர். நல்லகாலம், கையைப் பிடித்து மறித்தேன்.

எங்கட ஆக்கள் இருக்கிற இடமெல்லாம்

அடுத்தது எந்த இலக்கத்துக்கு அடிக்கலாம், எதுக்கு அடிக்கக் கூடாது என்ற பட்டியல். இது ஏன் வேணும்? கள்ளர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே வந்தால், வெள்ளி இரவு தொடக்கம் திங்கள் காலை வரை எங்கேயோ உள்ள விலை கூடிய இலக்கங்களுக்கு அடித்துக்கொண்டே இருப்பான். பில் உங்களுக்கு, பங்கு அவனுக்கு.

அதனால் தேவையான நாடுகளை மட்டும் திறந்தேன். மாமா சொல்லச் சொல்ல எழுதினது: 94 இலங்கை, 91 இந்தியா, 44 இங்கிலாந்து, 33 பிரான்ஸ், 41 சுவிஸ், 49 ஜேர்மனி, 47 நோர்வே, 61 அவுஸ்திரேலியா. எழுதி முடித்துப் பார்த்தால் சித்தப்பாமார், பெரியம்மாமார் எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

இதில் ஒரு பொறி: 1 என்பது கனடாவும் அமெரிக்காவும் மட்டும் இல்லை. யமேக்கா உட்படக் கரீபியன் நாடுகள் பலவும் அதற்குள்தான். 1ஐ மொத்தமாகத் திறந்துவிட்டால் அவையும் சேர்ந்து திறக்கும். அவற்றின் ஏரியா கோட்டுகளைத் தனியாக மூட வேண்டும்.

வெளியே போகும் கோலில் எங்கட இலக்கம் உண்மையாக எங்கடதான் என்ற அத்தாட்சியும் போகுது. 2021 நவம்பர் 30 முதல் சிஆர்ரிசி, அதாவது கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்காணையம், இன்ரநெற் வழிக் கோல்களுக்கு ஸ்ரேர்-ஷேக்கன் என்ற முறையைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளரையும் தெரியும், இலக்கம் அவருடையது என்பதும் தெரியும் என்றால் நிறுவனம் ஏ தரக் கையொப்பம் போடும். வரித் திணைக்களத்தின் பெயரில் வந்த கள்ளக் கோல்களால் எங்கட பெரியாக்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வரி ஆபீசுக்கு இந்தக் கையொப்பம் கட்டாயம் வேணும்.

கதவு திறக்கவில்லை

மாறின முதல் கிழமை கீழ்க் கதவு பிரச்சினை தந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்த ஆருக்கும் பசர் தெரியும்: கீழே குறியீட்டை அழுத்தினால் மேலே போன் அடிக்கும், எடுத்து 9ஐ அழுத்தினால் கதவு திறக்கும். மாமா 9ஐ அழுத்தினார், கதவு அசையவில்லை. குளிருக்குள் ஒரு அம்மா கீழே நிற்கிறா.

போனில் ஒரு பட்டனை அழுத்தினால் ரெண்டு சுருதி சேர்ந்த ஒரு சத்தம் போகும். கதவில் உள்ள பெட்டி அந்தச் சத்தத்தைத்தான் கேட்குது. பொதி வழியில் சத்தம் அமுங்கிச் சிதையலாம் என்பதால், "9 அழுத்தப்பட்டது" என்று தனிச் செய்தியாக அனுப்பி, மறுபக்கத்தில் திரும்பச் சத்தமாக்குவார்கள். எங்கட எஸ்பிசிக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இந்த அமைப்பு ரெண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. ஒரு மின்னஞ்சலோடு சரியாகிவிட்டது. ஆனா பசர், பக்ஸ், அலாரம் எல்லாவற்றையும் பழைய லைனை விட முதலே சோதித்துப் பாருங்கோ.

911

இனித்தான் முக்கியமான விசயம். எங்கட நிறுவனம் 933 என்ற சோதனை இலக்கம் தந்திருந்தது. அதற்கு அடித்தால், நீங்கள் 911 அடிக்கும்போது எந்த முகவரி போகும் என்று ஒரு குரல் வாசித்துக் காட்டும். வெலஸ்லி ஆபீஸ் மேசையில் இருந்துகொண்டு அடித்தேன். குரல் ஸ்காபரோக் கிளையின் முகவரியை வாசித்தது.

பில் ஸ்காபரோவுக்குப் போவதால் எல்லா இலக்கத்துக்கும் அந்த முகவரியையே விண்ணப்பத்தில் போட்டிருந்தோம். போட்டது வேற ஆர், நான்தான். கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் வித்தியாசம்.

செப்புக் கம்பியில் இந்தப் பிழை வராது. கம்பி எந்தச் சுவருக்குப் போகுது என்று நிறுவனத்துக்குத் தெரியும். கிளவுட்டில் இலக்கம் உங்களோடு எங்கேயும் வரும். முகவரி தானாக வராது, ஆராவது போய் எழுத வேண்டும்.

2008 ஏப்ரலில் கல்கரியில் ஒரு குடும்பம் 18 மாதக் குழந்தைக்காக இன்ரநெற் போனில் 911 அடித்தது. அம்புலன்ஸ் போனது மிசிசாகாவுக்கு. அவர்கள் முன்பு இருந்த வீட்டின் முகவரிதான் கோப்பில் கிடந்தது. பக்கத்து வீட்டு லைனிலிருந்து திரும்ப அடித்த பிறகுதான் உதவி சரியான வாசலுக்கு வந்தது. பிள்ளை தப்பவில்லை.

விதி அதற்கு முன்பே இருந்தது. 2005 ஏப்ரல் 4இல் சிஆர்ரிசி எடுத்த முடிவின்படி, ஒரே இடத்தில் இருக்கும் இன்ரநெற் போனுக்குச் சாதாரண லைன் போலவே 911 கிடைக்க வேண்டும். எங்கேயும் கொண்டுபோகக் கூடிய சேவை என்றால், இடையில் ஒரு ஆள் எடுத்து "எங்கே நிற்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு அந்த ஊர் 911க்கு மாற்றுவார். கேள்விக்குப் பதில் சொல்லக் கூடிய நிலையில் நீங்கள் இருந்தால் அது சரி. பதட்டத்தில் இங்கிலீஸ் வராத ஒரு பெரியவர் என்ன செய்வார்? கோப்பில் இருக்கும் முகவரி அவருக்காகக் கதைக்க வேண்டும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் முகவரி என்றால் தெரு இலக்கம் மட்டும் போதாது. 60களில் கட்டிய 19 உயர்கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான வீடுகள். 2010 செப்ரெம்பர் 24இல் 200 வெலஸ்லியில் 24ஆம் மாடியில் தீப்பிடித்தது. 2018 ஓகஸ்ற் 21இல் 650 பார்லிமென்ற்றில் மின்தீ வந்து 1500க்கு மேற்பட்ட சனம் ஒரே நாளில் வெளியே வந்தது. அவர்கள் திரும்பிப்போக ஒன்றரை வருசத்துக்கு மேல் எடுத்தது. அப்படி வெளியேறிய ஒருவருக்கு இலக்கம் கூடவே வருவது பெரிய உதவி. ஆனா முகவரியை மாற்றாமல் அதே இலக்கத்தில் புது இடத்திலிருந்து 911 அடித்தால், பழைய கோபுரத்துக்கு வண்டி போகலாம்.

எங்கட பிழையை இப்படித் திருத்தினோம். ஒவ்வொரு ஆபீசுக்கும் அதன் சொந்த முகவரியோடு தனி இலக்கம், மாடியும் அறையும் சேர்த்து. ரீம்ஸில் ஆபீசின் இன்ரநெற் முகவரியையும் வைபை பெட்டியையும் பதிந்ததால் எந்த ஆபீசில் லப்ரொப் திறந்திருக்கு என்று அது தானாக அறியும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் தன் முகவரியை ரீம்ஸில் தானே போட்டு உறுதிப்படுத்த வேண்டும். டிறெக்ற் ரவுற்றிங்கில் அந்த முகவரியை உங்கட தொலைபேசி நிறுவனம் எடுத்து 911 வரைக்கும் கொண்டுபோகுதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கோ.

கரன்ற் போனால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கோ. பழைய கம்பிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அப்படி ஒரு நாளில் கிளவுட் போன் மொடத்தோடு சேர்ந்து செத்துவிடும். மொடத்துக்கு ஒரு பற்றரி வைத்தோம். லைன் விழுந்தால் கோல் மாமாவின்ர கைபேசிக்குப் போகும். 2022 யூலை 8இல் றோஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்ததை நினைத்து, அந்தக் கைபேசியை வேற நிறுவனத்தில் வைத்தோம்.

எல்லாம் முடிந்து திரும்ப 933 அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். வெலஸ்லி, ரெண்டாம் மாடி என்று வாசித்தது. மாமா அதைத் தான் ஒருக்கா அடித்துக் கேட்டார். பிறகு ஸ்காபரோவுக்கு எடுத்து, "நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ" என்றார்.

உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. அப்பா அம்மா வீட்டில் இருப்பது இன்ரநெற் வழிப் போனா என்று பாருங்கோ, இப்ப கன வீடுகளில் மொடத்துக்குப் பின்னால்தான் போன் கொழுவியிருக்கு. நிறுவனத்தின் கணக்குப் பக்கத்துக்குள் போய் அவசர முகவரி எது என்று வாசியுங்கோ. வீடு மாறின கையோடு போன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குப் பழைய முகவரிதான் அங்கே கிடக்கும். சோதிக்க என்று 911க்கு மட்டும் அடித்துவிடாதீர்கள். 933 இருக்கா என்று நிறுவனத்தைக் கேளுங்கோ.

பார்த்தபோது என்ன முகவரி இருந்தது என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோட்டில் கதைப்போம்.